இதை நான் எழுதவில்லை

அண்ணி அந்த இணையக் கலைக்களஞ்சியத்தை விட்டு வெளியேறியது ஒரு புதன்கிழமை, மாலை நாலேகால் மணிக்கு. செயற்கைப் பல் கட்டும் பட்டறையில் தேநீர் இடைவேளை. கையில் பிளாஸ்டர் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. சுத்தமாக இருந்த சுண்டுவிரலால் கைபேசியைத் தட்டித் தட்டி, ஏற்கெனவே தன்னிடம் கேட்டுவிட்டுக் காத்திருந்த புதியவர்கள் பதினொரு பேருக்கும் ஒவ்வொருவராக எழுதி முடித்தார். பிறகு தன் பயனர் பக்கத்தில், "இனி என்னை இங்கே தேட வேண்டாம். உதவி மேசையில் கேளுங்கள்" என்று ஒரு வரி போட்டார். கணக்கிலிருந்து வெளியே வந்தார். ஆறிப்போன தேநீரை அப்படியே வைத்துவிட்டு, யாரோ ஒருவரின் கீழ்த்தாடைக்கு மெழுகு உருக்கப் போய்விட்டார்.

எட்டு வருடமாக ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், யாரும் கேட்காமல், யாரும் பாராட்டாமல் அங்கே வேலை செய்தவர். "உங்களைப் பற்றி நீங்களே எழுதாதீர்கள்" என்று ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர். அவரைத்தான், தன்னைப் பற்றித் தானே திருட்டுத்தனமாக எழுதிக்கொண்டார் என்று முத்திரை குத்தி ஓரமாக நிறுத்தினார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

அண்ணி என்றால் என் ஒரே அண்ணனின் மனைவி. எழுதுபொருள் கடை ஒன்றின் மாடியில், இருட்டுப் படிக்கட்டு ஏறிப் போனால் அவருடைய பட்டறை. பல் மருத்துவர்கள் நோயாளிகளின் வாயில் பதித்து எடுத்த அளவுப் பதிவைப் பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். அண்ணி அதில் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பார், மெழுகில் ஈறு கட்டுவார், பல்லை ஒவ்வொன்றாக வரிசையில் நிறுத்துவார். அந்தப் பல்லால் யார் கடிக்கப்போகிறார்கள், யார் சிரிக்கப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. பெட்டியின் மேல் ஒரு எண் மட்டும் இருக்கும். "முப்பத்தேழு நல்லா மென்னுட்டிருப்பாரு இப்போ" என்று சாப்பிடும்போது சொல்வார். அண்ணனுக்குப் புரை ஏறும்.

யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற அந்த இணையக் கலைக்களஞ்சியத்துக்குள் அவர் போனதே ஒரு பல்லால்தான். மேல் கடைவாய்ப்பல்லுக்கு இரண்டு வேர் என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். மூன்று வேர். அண்ணிக்குப் பொறுக்கவில்லை. கணக்கு தொடங்கித் திருத்தினார். கணக்குக்குப் பெயர் கேட்டது. "கடைவாய்ப்பல்" என்றே போட்டார். அன்றிலிருந்து அங்கே அவர் பெயர் அதுதான்.

கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தார். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் எழுதுவது தங்களைப் பற்றித்தான். அதில் ஆச்சரியம் இல்லை. மனிதனுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் அவன்தானே. அவர்கள் எழுதிச் சேமித்த இரண்டாவது நிமிடம் யாராவது ஒரு பழைய ஆள் வந்து, நீக்கல் அறிவிப்பாகச் சிவப்புப் பெட்டி ஒன்றை ஒட்டி, கட்டுரையை அழித்துவிட்டுப் போவார். ஏன் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். புதியவர் திட்டிவிட்டுப் போய்விடுவார், திரும்பி வரவே மாட்டார். "வீட்டுக்கு வந்தவங்கள வாசல்லயே கழுத்தப் பிடிச்சுத் தள்றாங்க" என்று அண்ணி கொதித்தார். கொதித்ததோடு நிற்கவில்லை. உட்கார்ந்து ஒரு உதவிப் பக்கம் எழுதினார். "உங்களைப் பற்றி நீங்களே எழுதும் முன்" என்பது தலைப்பு. இன்றைக்கும் அங்கே எல்லோரும் மேற்கோள் காட்டுகிற பக்கம் அது.

அதில் மிரட்டல் இல்லை. தன் வாயைத் தானே பார்த்து யாராலும் அளவு எடுக்க முடியாது, அதற்கு இன்னொருவர் வேண்டும் என்று தொடங்கும். உங்களைத் தெரியாத யாராவது, உங்களிடம் எதையும் எதிர்பார்க்காத யாராவது, உங்களைப் பற்றி விரிவாக எங்கே எழுதியிருக்கிறார்கள் என்று கேட்கும். அப்படி எழுதியிருந்தால், ஒரு நாள் யாரோ உங்களைப் பற்றிக் கட்டுரை தொடங்குவார்கள், பொறுத்திருங்கள் என்னும். கட்டுரை வந்துவிட்டால் அது உங்கள் சொத்து அல்ல, உங்களுக்குப் பிடிக்காததும் அதில் ஏறும் என்று எச்சரிக்கும். தவறு இருந்தால் நீங்களே கை வைக்காமல், கட்டுரையை விவாதிப்பதற்கான பேச்சுப் பக்கத்தில் ஆதாரத்தோடு சொல்லுங்கள் என்னும். உங்கள் வீட்டார் உங்களைப் பற்றி எழுதுவதும் நீங்களே எழுதுவதைப் போலத்தான் என்று கடைசியில் ஒரு பத்தி உண்டு. அந்தப் பத்தியை மட்டும் நான் ஒழுங்காகப் படித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஒருமுறை ஒரு நீச்சல் பயிற்சியாளர் வந்தார். "எண்ணற்ற உயிர்களைக் காத்த மாமனிதர்" என்று தன்னைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தார். சிவப்புப் பெட்டி விழுவதற்குள் அண்ணி ஓடிப்போய் அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அவருக்கு எழுதினார். அவர் கோபமாக, "என்னைக் கேள்வி கேட்க நீங்கள் யார்?" என்றார். "பல் கட்டுகிறவள். உங்களுக்குத் தண்ணீரைப் பற்றி என்னவெல்லாம் தெரியும்?" என்று அண்ணி பதில் போட்டார். மூன்று வாரம் இழுபறி. கடைசியில் நீச்சல் குளத்து நீரைச் சுத்தம் செய்யும் முறை பற்றி அந்த மனிதர் எழுதிய கட்டுரை, அந்தத் தளத்திலேயே சிறந்த பத்தில் ஒன்று. "குளத்துக்காரர்" என்ற பெயரில் இப்போதும் எழுதுகிறார். அண்ணிக்கு இப்படி நூறு பேர் உண்டு.

நான் ஓர் இடத்தில் நிற்காதவள். ஆறு வருடம் ஊர் ஊராக, நாடு நாடாக அலைந்து, விடுதிகளில் படுக்கை விரித்து, தோட்டங்களில் பழம் பறித்து வாழ்ந்தவள். நடுவில் ஒருமுறை பத்தொன்பது நாள் வீட்டுக்கு வந்தேன். கூடத்துச் சோபாவில் படுக்கை. அண்ணியும் அண்ணனும் வேலைக்குப் போன பிறகு பொழுது போகவில்லை. அண்ணியின் கணினி சும்மா கிடந்தது. ஒரு வார இதழில் தன்னார்வலர்களைப் பற்றி வந்த அரைப் பக்கச் செய்தியில் அண்ணியைப் பற்றி இரண்டு வரி இருந்தது. அது போதும் என்று எனக்கு நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டேன். ஊருக்கெல்லாம் இடம் காட்டுகிற அண்ணிக்கு ஒரு கட்டுரை இல்லையே என்று ஆதங்கம். புதுக் கணக்கு தொடங்கி, மதியம் மதியமாக உட்கார்ந்து, அந்தத் தளத்திலேயே வரைவாகச் சேமித்துச் சேமித்து, பத்து நாளில் அண்ணியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அவரிடம் கேட்கவில்லை. ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்தேன். பொதுவில் சேமித்த மறுநாள் விடியலில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். போன இடத்தில் அதைச் சுத்தமாக மறந்தும் போனேன். நெருப்பைப் பற்றவைத்துவிட்டு நடந்துபோகிறவளுக்குப் புகை தெரியாது.

நாலாம் நாள் "தராசு" என்ற நிர்வாகியின் கண்ணில் அந்தக் கட்டுரை பட்டது. ஒரே கட்டுரை எழுதிய புதுக் கணக்கு. எழுதியது கடைவாய்ப்பல்லைப் பற்றி. இரண்டு கணக்கும் எங்கிருந்து எழுதுகின்றன என்று சோதிக்கும் அதிகாரம் அவருக்கு இருந்தது. சோதித்தார். ஒரே வீட்டு இணைப்பு, ஒரே கணினி. முடிந்தது. கடைவாய்ப்பல் இரட்டைக் கணக்கு வைத்துத் தன் புகழைத் தானே பாடியிருக்கிறார் என்று பொதுப் பக்கத்தில் அறிவித்தார்.

ஏழு நாள் விவாதம். நான் பின்னால் வரி வரியாகப் படித்தேன், படித்துப் படித்துப் பல்லைக் கடித்தேன். அண்ணியிடம் பாடம் கற்றவர்களே வந்து, "இதை எதிர்பார்க்கவில்லை", "மனம் வலிக்கிறது" என்று பெருமூச்சு விட்டு, கூடவே எதிராக ஓட்டும் போட்டிருந்தார்கள். ஒரு ஆள்கூட, "அம்மா, நடந்தது என்ன?" என்று கேட்கவில்லை. அண்ணி எழுதியது ஒரே ஒரு பதில். "இதை நான் எழுதவில்லை. ஆதாரம் போதாது, கட்டுரையை நீக்குங்கள்."

தன்னைப் பற்றிய கட்டுரையை நீக்கச் சொல்லித் தானே கேட்கிறார்! அதையும் தந்திரம் என்றார்கள்.

கட்டுரை போனது; அதில் எனக்குக் குறையில்லை, போக வேண்டியதுதான். ஆனால் புதியவர்களை வரவேற்கும் உரிமையையும் அண்ணியிடமிருந்து பறித்தார்கள். செய்ததை ஒப்புக்கொண்டு ஒரு வாக்கியம் எழுதினால் ஆறு மாதத்தில் திருப்பித் தருவதாக ஒரு சலுகை வேறு. செய்யாததை எப்படி ஒப்புக்கொள்வது? அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தப் புதன்கிழமை.

பதினாலு மாதம் கழித்து நான் நிரந்தரமாகத் திரும்பி வந்தேன். கணினிமேல் ஒரு துவாலை போர்த்தியிருந்தது.

"என்ன அண்ணி, கடைவாய்ப்பல்லுக்கு லீவா?" என்றேன்.

அண்ணி சமையலறைக்குள் போய்விட்டார். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை முடிந்து அப்போதுதான் வந்த அண்ணன், செருப்பைக் கழற்றிக்கொண்டே, "பிடுங்கிட்டாங்கடி" என்றான்.

"என்னத்த?"

"அந்தப் பல்லத்தான். நீ எழுதி வச்சுட்டுப் போனியே ஒரு காவியம், அதுக்குத்தான்."

அவன் முழுவதையும் சொல்லி முடித்தபோது என் காது சுட்டது. சமையலறைக்குப் போனேன். அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார், எப்போதும்போல ஒரே அளவாக.

"நான்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாலாவது வரியில 'தன்னலம் கருதாத'ன்னு எழுதியிருந்தியே. என்னைப் பத்தி அப்படிச் சொல்ற ஒரே லூசு நீதான்."

"அப்ப அவங்ககிட்ட ஏன் சொல்லல? என் நாத்தனாருதான்னு ஒரு வார்த்தை?"

"இன்னொரு பயனர் நிஜத்துல யாருன்னு வெளிய சொல்லக் கூடாது. அது அங்க விதி."

"சரி, எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல? நானே வந்து சொல்லியிருப்பேன்."

"வீட்டுலேர்ந்து ஆளைக் கூப்பிட்டு நமக்காகப் பேச வைக்கறதும் தப்பு. எத்தன பேருக்கு நானே அதை எழுதியிருக்கேன் தெரியுமா?"

"அண்ணி, அவங்க உங்கள மிதிக்கிறாங்க, நீங்க அவங்களுக்கே விதி பாத்துட்டு இருக்கீங்க!"

அண்ணி கத்தியைக் கீழே வைத்தார். "ஊருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா? அந்தப் பக்கத்த எழுதினது நான். நானே அதை மீறினா அது வெறும் காகிதம்." நறுக்கிய வெங்காயத்தை ஓரமாக ஒதுக்கினார். பிறகு, "இன்னொண்ணும் சொல்றேன். அவங்க செஞ்சது ஒரு பக்கம் இருக்கட்டும். நீ என்னக் கேக்காம என்னைப் பத்தி எழுதினது எனக்குப் பிடிக்கல" என்றார்.



அன்று மாலையே என் பழைய கணக்கில் நுழைந்து, "இதை எழுதியது நான். கடைவாய்ப்பல்லுக்கு இதில் தொடர்பில்லை" என்று எழுதினேன். இருபது நிமிடத்தில் தடை விழுந்தது. காரணம்: மீண்டும் அதே வீட்டு இணைப்பு. எந்தத் தவறால் அண்ணி மாட்டினாரோ அதே தவறை அதே கணினியில் உட்கார்ந்து இரண்டாம் முறையும் செய்திருந்தேன்! என்னை அவசரப் புத்திக்காரி என்று சொல்வது சும்மா இல்லை. மறுநாள் பொது நூலகத்துக்குப் போய்ப் புதுக் கணக்கில் எழுதினேன். தடையை மீறிப் புதுக் கணக்கு தொடங்கியதற்காக அதுவும் தடை.

மாதம் ஒருமுறை அந்தத் தன்னார்வலர்கள் காணொளியில் கூடுவார்கள், யாரும் சேரலாம். அண்ணியிடம் கேட்டுக்கொண்டுதான் போனேன்.

"உன் தப்பைப் பத்திப் பேசறதுன்னா போ. என்னை நல்லவள்னு சொல்லி ஓட்டு கேக்காத" என்றார்.

திரையில் எட்டுப் பெட்டிகள். தராசு நான் நினைத்ததுபோல் முரட்டு ஆளாக இல்லை. மூக்குக்கண்ணாடி, அமைதியான குரல், பின்னால் கரும்பலகை. கணக்கு வாத்தியார் என்று பின்னர் தெரிந்தது. அமைதியான குரலில் அநியாயம் சொன்னால் அது இன்னும் கோபமூட்டுகிறது.

"நீங்க யாரும்மா?"

"கடைவாய்ப்பல்லோட நாத்தனார். அந்தக் கட்டுரைய எழுதினது நான்."

"அதுக்கு ஆதாரம்?"

"என் மூஞ்சிதான் சார். அவங்க மூஞ்சிய இதே கூட்டத்துல நீங்க பாத்திருக்கீங்க. ரெண்டும் ஒண்ணா?"

ஒரு பெட்டியிலிருந்து சிரிப்பு வந்து சட்டென்று அடங்கியது.

"நீங்க ரெண்டு பேர்ங்கறது சரி. ஆனா எழுதினது யாருங்கறது வேற கேள்வி" என்றார் தராசு. "அவங்க அன்னிக்கே, எங்க வீட்டுப் பொண்ணு எழுதினதுன்னு சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதே."

"இன்னொருத்தர் யாருன்னு வெளிய சொன்னா உங்க தண்டனை என்ன?"

"...தடை."

"சொன்னா தடை. சொல்லலைன்னா பொய்க்காரி. அப்ப அவங்க என்னதான் பண்ணியிருக்கணும்? நீங்களே சொல்லுங்க சார், நான் எழுதிக்கறேன்."

பிறகு ஒரு கனத்த குரல் தொண்டையைச் செருமியது. "நான் குளத்துக்காரன். அந்த ஏழு நாளும் நான் வாயத் திறக்கல. தராசு பெரிய ஆளு, அவருக்குத் தெரியாததான்னு இருந்துட்டேன். அந்தம்மா என்கிட்ட மூணு வாரம் மல்லுக்கட்டினாங்க. நான் அவங்களுக்காக மூணு நிமிஷம் பேசல. எனக்கு வெக்கமா இருக்கு."

"நிர்வாகிகள் கூடிப் பேசறோம்" என்றார் தராசு. கூட்டம் முடிந்தது.

ஒரு மாதம், இரண்டு மாதம், நாலு மாதம் போயின. நிர்வாகிகள் கூடவும் இல்லை, பேசவும் இல்லை. நான் பார்சல் கிடங்கு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். இந்த முறை ஊரை விட்டுக் கிளம்பவில்லை; கிளம்ப மனம் வரவில்லை. ஞாயிறுதோறும் அந்தத் தளத்தில் புதியவர்களின் பட்டியலைப் பார்ப்பேன். ஒரு செவிலியர் தன் இருபது வருட வேலையைப் பற்றி எழுதியிருந்தார். இரண்டு நிமிடத்தில் சிவப்புப் பெட்டி. அந்தம்மா, "மன்னிக்கவும், தெரியாமல் செய்துவிட்டேன்" என்று எழுதிவிட்டுக் காணாமல் போனார். என் தோளுக்குப் பின்னால் நின்று அண்ணியும் அதைப் படித்தார்.

"காய்ச்சல் வந்தா உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு இவங்கள எழுத வச்சிருக்கலாம்" என்றார்.

அண்ணனுக்குத் தாங்கவில்லை. "ஆமான்னு ஒரு வரி எழுதிப் போட்டுட்டு உள்ள போயேன். உனக்குத்தான் அது இல்லாம சோறு இறங்கல. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல" என்றார் அண்ணி.

"ஒரு பொய்தானே?"

"அளவு ஒரு நூல் தப்பினாலும் பல்லு உக்காராது. ஆடிக்கிட்டே இருக்கும், ஈறு புண்ணாகும். போய்த் தூங்குங்க, நாளைக்கு மூணு லிஃப்ட் இருக்கு உங்களுக்கு."

இதை எழுதலாமா என்று போன வாரம் அண்ணியிடம் கேட்டேன். இந்த முறை முதலில் கேட்டேன். கலைக்களஞ்சியத்தில் இல்லை, என் சொந்தக் கட்டுரையாக. "எழுது. உன் கோபம்னு தெரியற மாதிரி எழுது, என் கோபம்னு போடாத" என்றார். ஆகவே இதில் உள்ள காரம் எல்லாம் என்னுடையது.

காணொளிக் கூட்டம் முடிந்து ஒன்பது மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை முற்பகல், பட்டறையில் அண்ணியின் கைபேசிக்குத் தராசிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அண்ணி அதை எனக்கு அப்படியே அனுப்பினார்.

"கடைவாய்ப்பல் அவர்களுக்கு. இதைப் பொதுப் பக்கத்திலும் இட்டிருக்கிறேன். குளத்துக்காரர் ஒன்பது மாதமாக என்னை விடவில்லை. பழைய பதிவுகளை நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இந்த வாரம்தான் பார்த்தேன். அந்தக் கட்டுரை உங்கள் வீட்டுக் கணினியில் சேமிக்கப்பட்ட மதியங்களில், ஆறு தடவை, அதே நிமிடத்தில், உங்கள் கணக்கிலிருந்து புதியவர்களுக்குப் பதில் போயிருக்கிறது. வேறு இணைப்பு, கைபேசி, அதுவும் நீண்ட பதில்கள். ஒருவர் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. இந்த விவரம் அன்று நான் எடுத்த சோதனைக் குறிப்பிலேயே இருந்தது. முதல் வரியைப் பார்த்ததும் முடிவுக்கு வந்து, மீதியைப் படிக்காமல் விட்டேன். பிழை என்னுடையது, வேறு யாருடையதும் அல்ல. உங்கள் உரிமை இன்று காலை திருப்பித் தரப்பட்டது. அதற்கு நீங்கள் எதையும் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. பழைய தீர்ப்பை அழிக்க நம் முறையில் வழியில்லை. அதன் தலைமேல் 'இது தவறு' என்று என் பெயரிட்டு எழுதியிருக்கிறேன். நீங்கள் திரும்பி வரவேண்டும் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. வரவேற்புப் பக்கத்தில் இன்று எழுபத்தாறு பேர் பதிலில்லாமல் நிற்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்."